ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தால் விலை ஏறுமா? – வாகன வாசகர் கேள்வி பதில்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து "இப்போதே விற்பதா, வைத்திருப்பதா" என்ற கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. அவற்றில் ஸ்போர்ட்ஸ் கார் பற்றியவற்றைப் பிரித்தெடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2017 மஸ்டா ரோட்ஸ்டர் இருக்கிறது. 1.5 லீற்றர், மனுவல் கியர், சிவப்பு, 46,000 கி.மீ. வீடு கல்லடிக் கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. இன்னும் பத்து வருடம் பூட்டி வைத்தால் சேகரிப்பாளர் விலை கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? எப்படி வைத்திருப்பது?
– வாசகர், கல்லடி

பதில்: வைத்திருங்கள். பூட்டி வைக்காதீர்கள். சேகரிப்பாளர் விலை என்ற கணக்கையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

எடை ஒரு தொன் அளவு, டர்போ இல்லாத என்ஜின், ஆறு கியர் மனுவல், பின்சக்கர இழுவை. இந்த நான்கும் சேர்ந்த புதுக் கார்கள் இன்று உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அது உங்கள் காருக்குப் பலம். ஆனால் ரோட்ஸ்டர் அரிய கார் அல்ல. 1989இல் தொடங்கிய வரிசையில் பத்து இலட்சமாவது கார் 2016 ஏப்ரலிலேயே தயாராகிவிட்டது. உங்கள் தலைமுறைக் கார்களுக்குள் ஆட்கள் தேடித் திரிவது 2019இல் வந்த முப்பதாம் ஆண்டுப் பதிப்பு போன்றவற்றை. செம்மஞ்சள் நிறம், உலகம் முழுவதற்கும் 3,000 கார்கள். சாதாரணப் பதிப்பு மெதுவாக விலை இறங்கி, ஒரு கட்டத்தில் இறங்காமல் நிற்கும். நல்ல நிலையில் உள்ள மனுவல் காருக்கு அந்தக் கட்டம் சீக்கிரம் வரும், ஓட்டோ கியருக்குப் பிந்தி வரும். இன்னொரு விஷயம், நம் நாட்டில் உற்பத்தி வரி என்ஜினின் கன அளவை வைத்துப் போடப்படுவதால் 1.5 லீற்றர் காரை மாற்றாக இறக்குவது 2.0 லீற்றரைவிட மலிவு. உங்கள் காரின் விலைக்கு உச்சவரம்பு அதுதான். புதிதாக இறக்கினால் என்ன செலவாகும் என்ற தொகையைத் தாண்டி, அரிதல்லாத ஒரு பழைய காருக்கு எவரும் காசு தர மாட்டார்கள்.

மட்டக்களப்பில் இரண்டு இருக்கைக் காருக்கு வாங்க ஆள் வரிசையில் நிற்காது. வருபவர் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வருவார். கல்லடிக் கார் என்றதும் மீற்றரைப் பார்க்குமுன் லிஃப்டில் ஏற்றச் சொல்வார். விலை தீர்வது அங்கேதான்.

உப்பின் வேலை இப்படி. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துகொள்ளும். நம் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆகவே கூரைக்குக் கீழே, மழை படாமல் நின்றாலும் உங்கள் காரின் அடிப்பகுதி இரவில் நனைந்து பகலில் காய்கிறது. ஒவ்வொரு நாளும். துருவுக்கு இதைவிட வாய்ப்பான இடம் இல்லை.

எனவே முதல் வேலை கழுவுவது, அதுவும் மேலே அல்ல, கீழே. கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரால் சக்கர வளைவுகளின் உட்பக்கம், பின் சஸ்பென்ஷன் கைகள், கதவுக்குக் கீழுள்ள சில் மடிப்பு ஆகியவற்றில் தண்ணீர் தெளிந்து ஓடும்வரை அடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். உவர்த் தண்ணீரால் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். கழுவியதும் அப்படியே நிறுத்தக்கூடாது. பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

அடிக்குத் தார் பூசித் தருகிறேன் என்று கராஜில் சொல்வார்கள். வேண்டாம். ஏற்கெனவே பிடித்த உப்பின் மேல் தார் பூசினால் துரு உள்ளேயே வளரும், வெளியே தெரியாது. வாங்க வருபவருக்கும் புதுத் தாரைக் கண்டதும் சந்தேகம்தான் வரும். பதிலாக, கழுவி இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கதவுக்குக் கீழுள்ள அந்தச் சில் பகுதியின் உட்குழிக்குள்ளும் கதவின் அடிப்பகுதிக்குள்ளும் பின் ஃபிரேம் குழாய்களுக்குள்ளும் நீண்ட முனைக் குழாயால் குழி மெழுகு (உட்குழிகளுக்கான துருத்தடுப்பு மெழுகு) அடியுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும். கதவின் அடியில் உள்ள சிறு நீர்வடி துளைகளை மெழுகால் அடைத்துவிடாதீர்கள்.

இந்தக் காரில் பொனட், முன் மட்காட்கள், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. பொனட்டின் முன் விளிம்பில், பெயின்றுக்குக் கீழே அரிசி அளவில் ஒரு கொப்புளம் எழும். நகத்தால் அழுத்தினால் உடைந்து உள்ளே வெள்ளைத் தூள். கல் பட்டுப் பெயின்ற் உதிர்ந்த புள்ளியில்தான் பெரும்பாலும் இது தொடங்கும். அதனால் கல் பட்ட புள்ளிகளை அந்தக் கிழமையே டச்-அப் பெயின்றால் மூடுங்கள். இலக்கத்தகடு, மட்காட் உட்பக்கம் போன்ற இடங்களில் கழன்ற ஆணிக்குப் பதில் கிடைத்த இரும்பு ஆணியைப் போடுவதும் இங்கே வழக்கம். இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் கரையும். கொம்பனி ஆணியை அதே பூச்சுடன் எடுத்துப் போடுங்கள்.

துணிக் கூரையின் இரண்டு பக்கத்திலும் மழைத்தண்ணீர் இறங்கும் வடிகால் உண்டு. வேப்பம்பூ, சவுக்கு ஊசி, மணல் இவை போதும் அடைப்பதற்கு. அடைத்தால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். பிரேக் பிடிக்கும்போது பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டால் அதுதான். வாடைக்காற்று தொடங்குமுன், ஒக்டோபரில், வடிகால் வாயிலுள்ள குப்பையைக் கையால் எடுத்துவிட்டு, வளையக்கூடிய மெல்லிய நைலோன் நூலை மெதுவாக விட்டுப் பாருங்கள். ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் சக்கரத்தருகே உடனே இறங்க வேண்டும். கொம்பிரஸர் காற்று அடிக்கக்கூடாது, குழாய் உள்ளேயே கழன்றுவிடும்.

நிறுத்தி வைப்பது பற்றி: படங்குத் துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்தினால் வியர்க்கும். காற்றுப் புகும் பருத்தி உறை, அதுவும் கூரைக்குள் நிற்கும் காருக்கு மட்டும். சீமெந்துத் தரை ஈரம் விடும் வீடுகளில் காருக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேல் பழைய ரப்பர் பாய் போடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை குறைந்தது அரை மணித்தியாலம் ஓட்ட வேண்டும். வாசலில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது கெடுதல். ஒயில் சூடாகாததால் உள்ளே உண்டான ஈரம் ஆவியாகாமல் ஒயிலில் கலக்கும், சைலன்ஸருக்குள்ளும் தேங்கும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிக்குடி போய்த் திரும்பினால் போதும். ஒயில் வருடத்துக்கு ஒரு தடவையோ 5,000 கி.மீ.க்கோ, எது முதலோ அப்போது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் டயருக்கு வழக்கமான 29 பி.எஸ்.ஐ.க்குப் பதில் 38 வரை ஏற்றி, பற்றரிக்குத் தானாக நின்று ஏற்றும் சிறு சார்ஜரைப் பொருத்துங்கள். ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் திகதி, கி.மீ., பற்றுச்சீட்டு. ஒரு கோப்பில் வைத்து வாருங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் கோப்புக்கும் சேர்த்தே விலை பேசலாம்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் மச்சான் சொல்கிறார், வெளிநாட்டில் ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை இரண்டு மூன்று மடங்காகிவிட்டதாம். இங்கும் 2017இல் 80 இலட்சத்துக்கு வாங்கியதை இப்போது 160 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். நிலம் வாங்குவதற்குப் பதில் இப்படி ஒரு கார் வாங்கிப் போடலாமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: 2017இல் டொலர் ஏறக்குறைய 153 ரூபாய். 80 இலட்சம் என்பது சுமார் 52,000 டொலர். டொலர் 300 ரூபாயாக இருக்கும்போது 160 இலட்சம் என்பது 53,000 டொலர். அதற்குள் எத்தனை காப்புறுதி, எத்தனை வரி, எத்தனை டயர் போயிருக்கும்? ஏறியது காரின் விலை அல்ல. ரூபாய் இறங்கியது.

இதோடு 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை இறக்குமதி நின்றதால் வந்த தட்டுப்பாட்டு விலையும் சேர்ந்திருக்கிறது. தட்டுப்பாடு போனால் அந்தப் பகுதி கரையும். சாதாரணக் காருக்கு முதலில், அரிய காருக்குக் கடைசியில்.

வெளிநாட்டுக் கதைகளில் உண்மை இல்லாமல் இல்லை. லெக்ஸஸ் எல்எஃப்ஏ 500 கார்கள்தான் செய்யப்பட்டது. 3,75,000 டொலருக்கு விற்கச் சிரமப்பட்ட அந்தக் காரை இன்று அந்த விலையில் கனவிலும் வாங்க முடியாது. நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் ஏறியதற்கு இன்னொரு காரணம் அமெரிக்காவின் 25 வருட விதி: 25 வருடம் கடந்த காரை அங்கே தரப் பரிசோதனை இல்லாமல் இறக்கலாம். 1999இல் வந்த கார் 2024இல் அந்த வயதை எட்டியது; அதை எதிர்பார்த்துப் பல வருடம் முன்பே வாங்கிக் குவித்தார்கள். உங்கள் மச்சான் பார்க்கும் விலை அந்தச் சந்தைக்குள் நிற்கும் காருக்கான விலை. மட்டக்களப்பில் நிற்கும் காருக்கு அது ஒட்டாது.

இறங்கிய கதைகளை யாரும் சொல்வதில்லை. 2016இல் போர்ஷே 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்து விற்றது, மனுவல் கியருடன். கையில் கிடைத்தவர்கள் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனைக்கு வைத்தார்கள். அடுத்த வருடமே போர்ஷே 911 ஜிடி3 டூரிங் என்று மனுவல் கியருடன் இன்னொன்றை, எண்ணிக்கை வரம்பில்லாமல் விட்டது. 911 ஆர் விலை சடாரென்று இறங்கியது. இத்தனைக்கும் உலகத்தில் அந்தக் கார் இன்னும் 991தான். எண்ணிக்கை மாறவில்லை, "இதுதான் கடைசி" என்ற நம்பிக்கைதான் உடைந்தது.

ஓட்ட ஆசை என்றால் வாங்குங்கள். முதலீடு என்றால் நிலத்தையே பாருங்கள்.

கேள்வி: சாய்ந்தமருதில் ஒரு 2012 டொயோட்டா 86 விற்பனைக்கு வந்திருக்கிறது. தாழ்த்திய ஸ்பிரிங், 18 அங்குல அகல வீல், பெரிய சைலன்ஸர், புது ஹெடர். "மொடிஃபிகேஷனுக்கே 15 இலட்சம் போட்டிருக்கிறேன், அதையும் சேர்த்துத் தாருங்கள்" என்கிறார் உரிமையாளர். நியாயமா?
– வாசகர், கல்முனை

பதில்: இல்லை. மொடிஃபிகேஷன் செலவு போட்டவரின் சந்தோஷத்துக்கு. சேகரிப்பு விலை என்று ஒன்று இந்தக் காருக்கு வந்தால் அது கொம்பனியிலிருந்து வந்தபடி இருக்கும் காருக்குத்தான் வரும். கழற்றிய பழைய பாகங்கள் எங்கே என்று முதலில் கேளுங்கள். நான்கு ஷொக், நான்கு ஸ்பிரிங், 17 அங்குல வீல்கள், எயார் ஃபில்டர் பெட்டி, சைலன்ஸர், எயார்பேக் உள்ள ஸ்டீயரிங், பழைய ஹெடர். இவை வீட்டில் இருந்தால் கார் இன்னும் மீட்கக்கூடியது. "வித்துப்போட்டன்" என்றால் அவற்றைத் திரும்ப வாங்கும் செலவை விலையில் கழியுங்கள்.

ஹெடரை, அதாவது என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்த் தொகுதியை, குறிப்பாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இந்த என்ஜினில் புகையைச் சுத்திகரிக்கும் முதல் கட்டலைட்டிக் கொன்வேர்ட்டர் ஹெடரோடு சேர்ந்தே வருகிறது. மாற்று ஹெடர் போட்டவர்கள் பலர் பழையதை உள்ளிருக்கும் பிளாட்டினம், பலேடியத்துக்காகப் பழைய இரும்புக்காரரிடம் விற்றுவிடுவார்கள். ஸ்கேனரில் பி0420 என்ற குறி (கட்டலைட்டிக் சரியாக வேலை செய்யவில்லை என்பது) இருந்தால், அல்லது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் அந்தக் குறியையே எழாமல் அடைத்து வைத்திருந்தால், புகைப் பரிசோதனை ஒவ்வொரு வருடமும் தலைவலி.

கழற்றி மாற்றக்கூடியது வேறு, வெட்டியது வேறு. அகல வீல் உரசாமல் இருக்க மட்காட்டின் உள்மடிப்பை உருட்டி மடித்திருக்கிறார்களா என்று விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மடித்த இடத்தில் பெயின்ற் வெடித்திருக்கும்; சாய்ந்தமருதுக் கடற்காற்றுக்கு அந்த வெடிப்பு போதும். பெயின்றின் தடிப்பை அளக்கும் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். கொம்பனிப் பெயின்ற் பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரோன். 250, 300 என்றால் மறுபெயின்ற். 500க்கு மேல் போனால் கீழே பட்டி இருக்கிறது.

2012 என்பதால் இன்னொன்று முக்கியம். 2012, 2013 தொடக்கத் தயாரிப்பு 86, அதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட் கார்களின் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று சுபாருவும் டொயோட்டாவும் 2018 நவம்பரில் திருப்பி அழைத்தன. ஓடும்போது ஸ்பிரிங் உடைந்தால் என்ஜின் நின்றுவிடும். நம் நாட்டுக்கு ரீகண்டிஷனாக வந்த இந்த வயதுக் கார்கள் அந்த அழைப்புக்கு முன்பே கப்பலேறியவை. எனவே அந்த வேலை செய்யப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து ஜப்பானியக் கொம்பனித் தளத்தில் அந்தக் காருக்கு அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். நிலுவை என்றால், என்ஜினை இறக்கி வால்வுகளுக்குப் புது ஸ்பிரிங் போடும் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். மூடும்போது சீலன்ட் பசையை அள்ளி அப்பும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். உள்ளே பிதுங்கிய பசை ஒயில் வழியை அடைத்து, நல்லாயிருந்த பெயரிங்கையும் தின்றுவிடும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று ஆச்சரியமான மலிவு. ரோட்டரி என்ஜின் இனி வராது, பிறகு விலை ஏறும் என்கிறார் தரகர். வாங்கலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: தரகர் சொன்னதில் பாதி சரி. 2012இல் உற்பத்தி நின்றபின் ரோட்டரி என்ஜினே சக்கரத்தைச் சுழற்றும் கார் மஸ்டாவிடமிருந்து வரவில்லை. மலிவு ஏன் என்பதுதான் மற்றப் பாதி: உள்ளே சுழலும் முக்கோண ரோட்டரின் முனை சீல்கள் தேய்ந்திருக்கலாம்.

கொம்பிரஷனை (என்ஜின் அறைக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தத்தை) சாதாரண கேஜ் வைத்து அளந்ததை ஏற்காதீர்கள். அது ஒரு ரோட்டரின் மூன்று அறைகளில் மிக நல்ல ஒன்றை மட்டும் காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி மூன்றையும் தனித்தனியே காட்டும். என்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், பற்றரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். 250 ஆர்.பி.எம்.க்குக் கணக்கிட்டால் 680 கிலோபாஸ்கல் ஆகக் குறைந்த எல்லை. அறைகளுக்கிடையே 150, ரோட்டர்களுக்கிடையே 100க்கு மேல் வித்தியாசம் கூடாது. அளக்க விடமாட்டேன் என்றால் அதுவே விடை. கருவி கிடைக்காவிட்டால் குறைந்தது இதைச் செய்யுங்கள்: இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். நீண்ட நேரம் சுற்றி எடுத்தால் கொம்பிரஷன் போய்விட்டது.

நன்றாக இருந்தாலும் இந்த என்ஜின் ஒயிலை எரிக்கும். அது கோளாறு அல்ல. சீல்களுக்காக ஒயிலை உள்ளே பீச்சும்படிதான் செய்திருக்கிறார்கள். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் அளவைப் பார்க்க வேண்டும். இக்னிஷன் கொயில்கள் பலவீனமானால் எரியாத பெற்றோல் கட்டலைட்டிக்கைச் சுடும். ஆகவே நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் பண்ணி இரண்டடி நகர்த்தி நிறுத்தும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இந்தக் கார் வேண்டாம். பெற்றோலில் மூழ்கி மறுநாள் ஸ்டார்ட் ஆகாது.

என்ஜின் நல்லது, மனுவல் கியர், துரு இல்லை. மூன்றும் இருந்தால் வாங்கலாம். விலை ஏறும் என்பதற்காக வாங்க வேண்டாம்.

கேள்வி: ஹொண்டா எஸ்660, 2016, வெறும் 11,000 கி.மீ. என்கிறார்கள். அதற்காக அதிக விலை கேட்கிறார் கார் சேல்காரர். மீற்றரை நம்பலாமா? நம்பினாலும் அதிக விலை நியாயமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: நம்புவதற்குக் கடதாசி வேண்டும். ஜப்பான் ஏற்றுமதிச் சான்றில் மீற்றர் அளவு எழுதப்பட்டிருக்கும்; அதன் பிரதி இறக்கியவரிடமோ சுங்கக் கோப்பிலோ இருக்கும். ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுக்கும் ஓக்ஷன் ஷீட்டையும் கேளுங்கள். அவர் காட்டும் படத்தை மட்டும் பார்க்காமல், சேசிஸ் இலக்கத்தை வைத்து நீங்களே தனியாக எடுப்பியுங்கள். கார்ப் படத்தில் ஏ என்றால் கீறல், யூ என்றால் நசிவு, டபிள்யூ என்றால் டிங்கரிங் அடித்த அலை, எஸ் என்றால் துரு, எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றப்பட்ட பாகம். பக்கத்திலுள்ள எண் கூடக் கூட மோசம். மொத்தத் தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்றால் மோதித் திருத்தியது. சேகரிப்பு பற்றிய பேச்சை அத்தோடு விடலாம்.

பிறகு காரையே பாருங்கள். இந்தக் கார் கொம்பனியிலிருந்து யோகஹாமா நியோவா டயரில் வந்தது, முன்னுக்கு 165/55 ஆர்15, பின்னுக்கு 195/45 ஆர்16. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016இன் 23ஆம் கிழமை. 11,000 கி.மீ. காரில் டயர் 2016 என்றால் பொருந்துகிறது, மீற்றர் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த டயரில் ஓடக்கூடாது, இரப்பர் செத்திருக்கும். டயர் 2020 என்றால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கிளச் பெடல் இரப்பரின் வலது ஓரம், ஏறி இறங்கும் பக்க இருக்கையின் விளிம்பு, பிரேக் டிஸ்க்கின் வெளி ஓரத்தில் எழும் வரம்பு, இவை மூன்றும் மீற்றரைவிட நேர்மையானவை.

விலை நியாயமா என்றால், ஓரளவு. 660 சிசிக்குள் அடங்கும் நடு-என்ஜின் கார் இது. 2021 மார்ச்சில், அடுத்த வருடத்தோடு உற்பத்தி நிறுத்துகிறோம் என்று ஹொண்டா அறிவித்ததும் மிச்ச ஓர்டர்கள் சில கிழமைக்குள் முடிந்தன. 1991இல் வந்த ஹொண்டா பீட் இன்றும் தேடப்படுகிறது; இதுவும் அந்த வழியில் போகும் என்றே நினைக்கிறோம். சிவிடி என்ற ஓட்டோ கியர் அல்ல, ஆறு கியர் மனுவலாக இருந்தால்.

ஆனால் ஓடாத காருக்கும் செலவு உண்டு. எயார்கொன் கொம்பிரஸர் சீல் காய்ந்து காஸ் கசியும், பிரேக் கலிப்பர் இறுகும், பெற்றோல் பம்பில் பிசின் பிடிக்கும், மழைக்காலம் முழுதும் நின்ற காரின் கிளச் தட்டு துருவால் ஒட்டிக்கொள்ளும். நான்கு டயர், பற்றரி, எல்லா ஒயிலும், கலிப்பர் சேர்விஸ் ஆகிய செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். பின்னுக்கான அந்த டயர் அளவு நம் பக்கத்துக் கடைகளில் ஸ்டொக்கில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

கேள்வி: என் கணவரிடம் 2011 ஹொண்டா சிஆர்-இசட் மனுவல் இருக்கிறது. "ஹைபிரிட் மனுவல் உலகத்திலேயே அபூர்வம்" என்று சொல்லி விற்க மறுக்கிறார். நானோ பற்றரிச் செலவை நினைத்துப் பயப்படுகிறேன்.
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. அபூர்வம் உண்மை, தேவை குறைவு என்பதும் உண்மை. 2011இல் வந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. ஏற்றத்தில் போகும்போது பற்றரி அளவு திடீரென்று அடிக்கு விழுந்து, சற்று நேரத்தில் மீண்டும் ஏறினால் உள்ளே சில செல்கள் தளர்ந்துவிட்டன. கார் அதற்காக நிற்காது, பெற்றோல் என்ஜினில் ஓடும். ஆனால் ஹைபிரிட் பகுதியில் கோளாறு என்று காட்டும் ஐஎம்ஏ விளக்கு எரியும் காருக்கு வாங்குபவர் புதுப் பற்றரி விலையைவிட அதிகமாகவே குறைப்பார். ஆகவே விற்பதென்றால் விளக்கு எரியுமுன் விற்கச் சொல்லுங்கள். வைத்திருப்பதென்றால் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தை மூடிச் சாமான் வைக்காதீர்கள், மாதம் ஒரு முறை தூசி தட்டுங்கள். அதிகம் கெடுப்பது வெயிலில் நிறுத்துவது.

கேள்வி: வெள்ளைக் காரை மட் கறுப்பு ஆக்கினால் விற்கும்போது கூடுதல் விலை வருமா?
– வாசகர், நிந்தவூர்

பதில்: வராது. பெயின்ற் அடித்தால் பதிவுச் சான்றில் உள்ள நிறத்தையும் மாற்ற வேண்டும், கொம்பனிப் பெயின்றும் போய்விடும். ஆசை தாங்காவிட்டால் ஸ்டிக்கர் சுற்றுங்கள். மலிவு ஸ்டிக்கர் நம் வெயிலில் சுட்டு ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது பெயின்றும் சேர்ந்து வரும், குறிப்பாக மறுபெயின்ற் அடித்த இடத்தில். அரிய நிறமாக இருந்தால் தொடவே வேண்டாம்.

கேள்வி: நான் பார்த்த கார் "ஓப்பன் பேப்பரில்", அதாவது வாங்குபவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் இட்ட படிவத்தில், மூன்று கை மாறியிருக்கிறது. பதிவுச் சான்றில் ஒரே பெயர்தான். அது நல்லதுதானே, ஒரே உரிமையாளர் என்று காட்டலாம்?
– வாசகர், அம்பாறை

பதில்: காட்டலாம், பிடிபடுவீர்கள். சேர்விஸ் பில்லில் ஒரு பெயர், காப்புறுதியில் இன்னொரு பெயர், சான்றில் வேறொரு பெயர். அரிய கார் வாங்குபவர் இவற்றைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். கையெழுத்திட்டவர் வெளிநாடு போயிருந்தால் அல்லது காலமாகியிருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். காசு கொடுக்குமுன் பதிவு உரிமையாளரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, உரிமை மாற்றத்துக்கான எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை உங்கள் பெயருக்கே நிரப்புவித்து, உடனே மாற்றுங்கள். லீசிங் கொம்பனியின் பெயர் சான்றில் இருந்தால் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டொயோட்டா ஜிஆர் யாரிஸ் எடுக்க நினைக்கிறேன். இங்கே 95 ஒக்டேன்தான் அடிக்க முடியும். என்ஜினுக்குக் கெடுதலா, மறுவிற்பனையைப் பாதிக்குமா?
– வாசகர், பொத்துவில்

பதில்: கொம்பனி மென்பொருளோடு இருந்தால் 95 போதும். ஜப்பானில் உயர் ஒக்டேன் பெற்றோல் 96க்குக் குறையக்கூடாது என்பது தரநிர்ணயம், பம்பில் கிடைப்பது 100க்கு அருகே. இங்கே அடிக்கும்போது, பெற்றோல் தாறுமாறாக வெடிப்பதை (நொக்) உணரும் நொக் சென்ஸர் தீப்பொறியைப் பின்தள்ளிக் காப்பாற்றும். கொஞ்சம் வலு குறையும், அவ்வளவே. 92 அடிக்கவே வேண்டாம். வெப்பமான கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் உயர் கியரில் குறைந்த சுழற்சியிலிருந்து அழுத்தி மிதிக்காதீர்கள், ஒரு கியர் குறைத்து மிதியுங்கள். 2020இல் வந்த பதிப்பிலேயே 1.6 லீற்றரில் 272 குதிரை வலு எடுக்கும் மூன்று சிலிண்டர் இது, இன்னும் ஏற்றித் தருகிறேன் என்று வருபவருக்கு ஈசியூவைத் திறந்து கொடுக்காதீர்கள். 100 ஒக்டேனுக்கு எழுதிய ட்யூன் 95இல் பிஸ்டனை உருக்கும். ஏற்கெனவே ட்யூன் செய்த காரை வாங்குவதென்றால், கொம்பனி மென்பொருளைத் திரும்ப ஏற்றித் தரச் சொல்லி, ஏற்றியபின் 200 கி.மீ. ஓட்டி, ஸ்கேனரில் நொக் பதிவைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.